பள்ளிக்கூடத்துக்குத் தாய்மாமன்

அன்றைக்குப் பள்ளிக்கூடக் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். தலைமையாசிரியர் சாமியப்பன். எங்கள் ஊரான வாவிக்காட்டில் பனியன் கம்பெனி நடத்திவந்த கந்தவேல் ஆகிய நான். நூல் வியாபாரி குமாரசாமி. என் மகள் கமலாம்பாளை அவர் மகனுக்குக் கொடுத்த வகையில் எனக்குச் சம்பந்தி. தோட்டம் வைத்து விவசாயம் செய்த ஆத்தப்பன். எங்கள் கம்பெனியில் தையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்த குழந்தையம்மாள். பண்ணை வேலை செய்த சின்னான். அவருடைய மூன்று பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்.

இவ்வளவு பேர்தான். இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் தானும் அந்தக் கூட்டத்தில் இருந்ததாகச் சொல்கிறார். அந்த அறையில் நனையாமல் உட்கார ஆறு பேருக்குத்தான் இடம். ஏழாவது ஆள் உடைந்த ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று நல்ல மழை. ஏழாவது ஆள் இல்லை என்பதற்கு அந்த மழையே சாட்சி.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில். ஊருக்கு ஊர் பள்ளிக்கூட அபிவிருத்தி மாநாடு நடந்துகொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும் என்று ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேசித் திட்டம் போட வேண்டும். அந்தப் பொருள்களை ஊரே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மாநாட்டு அன்று அதிகாரி வந்து பார்ப்பார். எங்கள் வட்டாரத்து டெபுடி இன்ஸ்பெக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். புது அறைக்கு ஓடும், பிள்ளைகள் உட்காரப் பெஞ்சும், கரும்பலகையும், குடிதண்ணீர்த் தொட்டியும் மாநாட்டு நாளில் அவர் கண்முன் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்ந்தால் ஆறாம் வகுப்புக்குச் சிபாரிசு செய்வார். சேராவிட்டால் அந்த வகுப்பு வேறு ஊருக்குப் போகும்.

ஆறாம் வகுப்பு வருமா வராதா என்பது ஊருக்கு ஒரு பெருமைப் பிரச்சினை. குழந்தையம்மாளுக்கோ அவள் மகள் முத்தாயியின் பிரச்சினை. எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதன்பிறகு பையன்கள் திருப்பூருக்கு நடந்து போய்ப் படிப்பார்கள். பெண்பிள்ளைகளை எந்த வீட்டிலும் அவ்வளவு தூரம் அனுப்பமாட்டார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கைமடிக்கக் கற்றுக்கொள்வார்கள். முத்தாயி வகுப்பிலேயே கெட்டிக்காரி. அதனால் சாமியப்பன் அவளைப் பெயிலாக்கினார். தாய் கேட்டுக்கொண்டபடி அடுத்த வருஷமும் பெயிலாக்கினார். நன்றாகப் படிக்கிறாள் என்பதற்காகவே பெயிலாக்கப்பட்ட பிள்ளை இந்த ஜில்லாவில் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மூன்றாவது வருஷமாக ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். வாத்தியார் வெளியே போனால் அவளே பாடம் நடத்துவாள்.

"இந்த வருசமும் பெயில் போட முடியாதுங்க. போட்டா இன்ஸ்பெக்டர் என்னையப் பெயில் போட்டுருவாருங்க" என்றார் சாமியப்பன்.

குழந்தையம்மாள் முந்தானையால் ஈரப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

யார் எதைக் கொடுப்பது என்று பேச்சு வந்ததும் ஊர் வழக்கப்படி எல்லோரும் கூரையைப் பார்த்தோம். கூரையும் பார்க்கும்படியாகத்தான் இருந்தது. கடைசியில் ஆத்தப்பன்தான் வழி சொன்னார். அவர் கிண்டலுக்கு வாயைத் திறந்தாலும் சில சமயம் காரியமும் சேர்ந்து வந்துவிடும்.

"ஏனுங்க வாத்தியாரே, நன்கொடைன்னு கேட்டீங்கன்னா நம்ம சனம் கதவைச் சாத்திக்குமுங்க. சீருன்னு சொல்லிப் பாருங்க. பித்தளைத் தட்டைத் தேச்சு வெச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. கோயில்ல இருந்து மேளத்தோட, சீர் கொண்டு போறாப்பல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போலாமுங்க."

"பெஞ்சைத் தட்டுல வெக்கறதுங்களா?" என்றார் சின்னான்.

"பெஞ்சைத் தலைல வெய்யி. பெஞ்சு மேல தேங்காயை வெய்யி. சீராயிப் போச்சு."

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம். அது எவ்வளவு தூரம் போகும் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஊர் கிளம்பிவிட்டது. போன மாதம் வரை பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட "உங்க ஊட்டுச் சீரு என்னங்க?" என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். ஒரு வீட்டில் கரும்பலகை என்றால் பக்கத்து வீட்டில் மேஜை. சின்னானும் அவர் தெருக்காரர்களும் தண்ணீர்த் தொட்டியைத் தாங்களே கட்டித் தருவதாகச் சொல்லி, மாநாட்டுக்கு முன்பே கட்டியும் முடித்துவிட்டார்கள். அந்தத் தெரு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் தொட்டியில் தண்ணீர் நின்றது. மற்ற தெருக்களில் தட்டுக்கு எத்தனை வாழைப்பழம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

புது அறைக்கு ஓடு எங்கள் வீட்டுச் சீர். பிள்ளைகள் எல்லோருக்கும் பனியனும் எங்களுடையதே. பெண்பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி சோமனூரில் இருந்த என் தங்கை வீட்டுத் தறியிலிருந்து வந்தது. பெஞ்சுகள் சம்பந்தி வீட்டுச் சீர். அதோடு சுவர்க்கடிகாரம் ஒன்றும் தருவதாக அறிவித்தார்.

பனியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த மிஷின் பெரியவர்கள் அளவுக்கானது. மிஷினின் உருளை எவ்வளவு அகலமோ துணியும் அவ்வளவு அகலத்தில் குழாயாக இறங்கும்; நல்ல பனியனுக்குப் பக்கவாட்டில் தையல் கிடையாது. நீளத்தைக் குறைக்கலாம். அகலத்தைக் குறைக்க வேண்டுமானால் பக்கத்தில் வெட்டித் தைக்க வேண்டும். எங்கள் கம்பெனி முத்திரை போட்ட பனியனில் பக்கத்தையல் போட நான் சம்மதிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் வெளியே வந்தன.

சம்பந்தி அதைக் கையில் விரித்துப் பார்த்தார். "சம்மந்தி, ஒரு பனியனுக்குள்ள ரெண்டு பசங்கள உட்டுருலாமுங்க. நூலு மிச்சம்."

"பசங்க வளருவாங்க சம்மந்தி. உங்க கடிகாரந்தான் வளராது" என்றேன்.

எங்களுக்குள் பேச்சு எப்போதும் இப்படித்தான். ஆனால் அவர் மாப்பிள்ளை வீட்டார். கல்யாணம் முடிந்து எட்டு வருஷமாக எந்த விசேஷமானாலும் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் நடப்பேன். பெண் கொடுத்தவனுக்கு அதுதான் முறை. முறையில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் எட்டு வருஷத்தில் சம்பந்தியின் பிடரியை நான் பார்த்த அளவுக்கு அவருடைய நாவிதர்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

மாநாட்டு நாள் வந்தது. முருகன் கோயிலில் பூசை முடித்து, மேளம் முன்னால் போக, சீர் கிளம்பியது. ஓடு சுமந்தவர்கள், பெஞ்சு சுமந்தவர்கள், பழத்தட்டு ஏந்திய பெண்கள் என்று வீதியே அடைத்துக்கொண்டது. பெஞ்சுகளின் மேல் சொன்னபடியே தேங்காய் இருந்தது. கடிகாரத்தை வேறு யார் கையிலும் கொடுக்காமல் சம்பந்தியே குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூட வாசலில் டெபுடி இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பிற்பகலில் வெள்ளகோவிலில் இன்னொரு மாநாடு இருந்ததால் ஜீப்பைத் திருப்பியே நிறுத்தியிருந்தார். வாசற்படிக்கு முன்னால் மேளம் நின்றது. மேளக்காரர் திரும்பிப் பார்த்து, எவ்விதக் கெட்ட எண்ணமும் இல்லாமல், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"மொதத் தட்டு தாய்மாமன் தட்டுங்க. தாய்மாமன் யாருங்க, முன்னால வாங்க."

சம்பந்தி ஒரு அடி எடுத்துவைத்தார். நானும் ஒரு அடி எடுத்துவைத்தேன்.

"சம்மந்தி, இது பள்ளிக்கூடமுங்க. உங்க ஊட்டு விசேசமில்லீங்க" என்றேன்.

"எடம் எங்கம்மாவோட எடமுங்க. எங்கம்மா பேர்ல இருந்த நெலத்தைத்தான் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுத்தோம். ஊருக்கே தெரியுமுங்களே."

"எடம் பொறவு வந்ததுங்க. இந்தப் பள்ளிக்கூடம் மொதமொதல்ல நடந்தது எங்க ஊட்டு நூல் குடோன்ல. பொறந்ததே எங்க ஊட்டுலதானுங்க."

ஆத்தப்பன் தலையில் இருந்த பெஞ்சை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தார். பஞ்சாயத்து என்றால் அவருக்கு வாய் ஓயாது.

"பெரியவரே, உங்க ஊட்டுல பொறந்துதுன்னா நீங்க அப்பன் ஊட்டுக்காரருங்க. அப்பன் ஊட்டுக்காரர் மாமனாக முடியாதுங்களே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சம்பந்தி நிமிர்ந்தார். ஆத்தப்பன் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அவசரப்படாதீங்க. உங்கம்மா மண்ணுல பொறந்துதுன்னா நீங்க அண்ணன் மொறை. அண்ணன் சீர் செய்யலாமுங்க. ஆனா மொதத் தட்டு இல்லீங்க."

உடனே எங்கள் இருவருக்கும் பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை, சும்மா குடியிருந்தது என்று நான் சொன்னேன். நிலம் அம்மாவுடையதல்ல, அம்மாவுக்கு அவர் அண்ணன் கொடுத்தது என்று சம்பந்தி சொன்னார். எங்களுக்குப் பின்னால் ஓடு சுமந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கினார்கள். வெயில் ஏறியது. ஓர் ஆடு வந்து மூன்றாவது தட்டிலிருந்து வெற்றிலையைத் தின்னத் தொடங்கியது. அதை விரட்டுவது எந்த வீட்டுப் பொறுப்பு என்று தெரியாததால் யாரும் விரட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார். "என்ன ஸார் தாமதம்?"

"தாய்மாமன் யாருன்னு முடிவாகலீங்க ஐயா."

"யாருக்குக் கல்யாணம்?"

"பள்ளிக்கூடத்துக்குங்க ஐயா... கல்யாணமில்லீங்க. மாநாடுதானுங்க."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் உள்ளே வந்து சேர்ந்த சாமான்களைத்தான் எழுத முடியும். வாசலில் நிற்பதை எழுத முடியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் புறப்பட வேண்டும்" என்றார். பக்கத்திலிருந்த டிரைவர் ஜீப்பை ஒரு முறை உறுமவிட்டார்.

இது எங்கள் காதில் விழுந்தது. விழுந்தும் யாரும் நகரவில்லை. மரியாதை என்பது அப்படிப்பட்டது. ஒரு தடவை எடுத்துவைத்த அடியைப் பின்னால் வைக்கக் கால் வராது. சம்பந்திக்கும் வரவில்லை. அதில் அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த விஷயத்தில் இரண்டு வீடும் ஒரே துணியில் வெட்டியதுதான்.

அப்போதுதான் குழந்தையம்மாள் பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். கையில் தட்டு இல்லை. முத்தாயியின் கையைப் பிடித்திருந்தாள்.

"மொதலாளிங்க ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாதுங்க. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க."

"சொல்லு அம்மிணி" என்றார் சம்பந்தி.

"இவளுக்குக் காது குத்தறப்ப எங்கண்ணன் மொதத் தட்டு எடுத்துட்டு வந்தானுங்க. மடியில உக்கார வெச்சுக் குத்துனாங்க. அத்தோட உட்டமுங்களா? பொங்கலுக்குப் பாவாடை வரலீன்னா அவன் வாசல்ல போயி நிப்பமுங்க. காய்ச்சலா, அவன்தான் ஓடி வரோணும். நாளைக்குச் சமைஞ்சாலும் சீரு, கல்யாணமானாலும் சீரு. பாவம், அவன் அந்தத் தட்டை எடுத்த நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் எறக்கி வெக்க முடியலீங்க. அது மாதிரிதானுங்களே இதுவும்? மழைக்கு ஓடு ஒடஞ்சா, சுண்ணாம்பு அடிக்கோணும்னா, பெஞ்சுக்காலு ஆடுச்சுன்னா, இந்தப் புள்ளைங்கள்லாம் எந்த ஊட்டு வாசல்ல வந்து நிக்கோணும்னு தெரிஞ்சாப் போதுமுங்க. அந்த ஊட்டுக்காரரு முன்னால போகட்டுமுங்க."

சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்த்தேன். கைமடிக்கிறபோது இருப்பதைப் போலவே இருந்தது.

ஆடு வெற்றிலை மெல்லுவது கேட்டது. முதலில் வாய் திறந்தவர் சம்பந்திதான்.

"வயசுல மூத்தவங்க நீங்க. மொதல்ல நீங்க போறதுதானுங்க சம்மந்தி நாயம்" என்றார், மிகவும் அன்பாக. எட்டு வருஷத்தில் நான் மூத்தவன் என்பது அவருக்கு நினைவு வந்தது அன்றைக்குத்தான்.

"மாப்ள ஊட்டுக்காரங்க இருக்கறப்ப நான் எப்படிங்க முன்னால போறது?" என்று நானும் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அது மரியாதைப் பேச்சாகவே இருந்திருக்கும். அவரும் திருப்பிச் சொல்லியிருப்பார். நாங்கள் இருவரும் மரியாதை செய்துகொண்டே இருந்திருப்போம். ஜீப் வெள்ளகோவிலுக்குப் போயிருக்கும்.

மாமனாக இருக்கச் சண்டை போட்ட வீடு, மாமன் செய்ய வேண்டியதைக் கேட்டதும் பின்வாங்கியது என்று ஊர் பேசும். எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசியிருக்கிறது. கொடுக்கப் பயந்தவர்கள் என்று பேசியதில்லை. தவிர, முத்தாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை. நாளைக்கு என் கம்பெனியில் வந்து உட்காரப்போகிற பிள்ளையும்கூட, நான் நகராவிட்டால்.

தோள்துண்டைச் சரிசெய்து, பழத்தட்டை வாங்கிக்கொண்டு படியேறினேன். மேளம் கொட்டியது. எனக்குப் பின்னால் ஓடு வந்தது, பெஞ்சு வந்தது, கரும்பலகை வந்தது, கடிகாரத்தோடு சம்பந்தி வந்தார். வெற்றிலை மட்டும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, புறப்படும்போது என்னிடம் வந்து கைகூப்பி, "வருகிறேன், மாமா" என்றார். கிண்டலா மரியாதையா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு வந்தது. முத்தாயி ஐந்தாம் வகுப்பில் தேறினாள். தேறியதற்காக அம்மாவும் வாத்தியாரும் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் அவள் மறுபடி பெயிலாகிவிட்டாள் என்றே நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி என்பது விடுமுறை நாளில்தான். ஓடு உடைந்தால் "மாமன் ஊட்டுக்குச் சொல்லி உடுங்க" என்பார்கள். கிணற்றுக் கயிறு அறுந்தால் மாமன் வீடு. குரங்கு வந்தால்கூட மாமன் வீட்டுக்குத்தான் ஆள் வந்தது. குரங்கை நாங்கள் சீராகக் கொடுத்தோமா என்று கேட்டு அனுப்பினேன். ஆனால் சுண்ணாம்பு ஒரு வருஷமும் தவறியதில்லை. எட்டாம் வகுப்பு வந்தபோது அந்த அறைக்கும் எங்கள் ஓடுதான். சம்பந்தியும் சும்மா இருக்கவில்லை. அண்ணன் முறைச் சீர் என்று வருஷா வருஷம் ஏதாவது கொண்டுவருவார். எனக்குப் பின்னால் நடந்துதான் கொண்டுவருவார். என் பிடரி எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "முடி கொட்டிப் போச்சுங்க சம்மந்தி" என்றார்.

முத்தாயி எட்டாவது வரை இங்கேயே படித்தாள். இப்போது திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சரக்கு பார்த்து எடுப்பது அவள்தான். போன மாதம் நாங்கள் அனுப்பிய பனியன் கட்டுகளில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சின்ன சைஸ் அகலம் அதிகமாக இருக்கிறதாம். மிஷினை மாற்றிவிட்டோம்.

இதையெல்லாம் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. அன்று நான் தயங்கி நின்றதாகவும், சம்பந்தி என் முதுகில் கைவைத்துத் தள்ளியதால்தான் படியேறியதாகவும் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள், அதாவது என் மகள் வயிற்றுப் பேரன்களே, அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அது பொய். யாரும் என்னைத் தள்ளவில்லை. குமாரசாமியின் இரண்டு கைகளிலும் அப்போது கடிகாரம் இருந்தது.